அடைக்கலம் தருவது அரசின் கடமை

இடுப்பில் குழந்தையும் கையில் துணிப்பையுமாக நள்ளிரவில் வீட்டைவிட்டு வெளியேறும் பெண் எங்கே போவாள்? தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு.

நாடிவரும் பெண்ணுக்குக் காப்பகம் இடம் தர வேண்டும் என்கிறது 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். வன்முறை குறித்த அறிக்கை பதிவாகவில்லை என்று அவளைத் திருப்பி அனுப்பவும் முடியாது. சென்னையில் 2001 முதல் இயங்கும் பிசிவிசி போன்ற தொண்டு நிறுவனங்கள் தங்குமிடத்தோடு சட்ட உதவி, மனநல ஆலோசனை எனத் துணைநிற்கின்றன.

காப்பகத்தைவிட்டுச் செல்பவளுக்கு வேலையும் வாடகை வீடும் பிள்ளைக்குப் பள்ளியும் வேண்டும். இவற்றை நன்கொடையாளர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமல்ல. மாவட்டந்தோறும் போதிய காப்பகங்களும் தவறாத நிதியும் தேவை. அக்கம்பக்கத்தில் அலறல் கேட்டால் பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழையுங்கள்.