சிகாமட் நடுக்கமும் கேமரன் மலைச் சரிவுகளும்

2025 ஆகஸ்ட் 24ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை 6.13 மணிக்கு ஜொகூர், சிகாமட்டில் நிலம் நடுங்கியது. அளவு 4.1. உயிர்ச்சேதம் இல்லை. சில கட்டடச் சுவர்களில் விரிசல் விழுந்தது. அடுத்த சில நாள்களில் சிறு அதிர்வுகள் தொடர்ந்தன. நிலநடுக்கம் என்றால் சபாவுக்கும் சுமத்ராவுக்கும் உரியது என்று இருந்த தீபகற்ப மக்களை அந்த ஒரு காலை யோசிக்க வைத்துவிட்டது.

இதே நடுக்கம் மலையில் வந்தால் என்ன ஆகும்? கேமரன் மலையில் தோட்ட வீடுகளிலும் தானா ராத்தா, ரிங்லெட், கம்போங் ராஜா பட்டணங்களிலும் வாழும் நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி எழுவது நியாயம்தான். ஆனால் நடுக்கத்தை மட்டும் பார்த்தால் பாதி விடைதான் கிடைக்கும். மீதிப் பாதி மண்ணில் இருக்கிறது.

மலேசியா "நெருப்பு வளையத்துக்கு" வெளியே இருப்பதால் பயமில்லை என்று பள்ளிக் காலம் முதல் கேட்டு வந்திருக்கிறோம். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆச்சே கடலில் ஏற்பட்ட 9.1 அளவு நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் இந்நாட்டில் 68 உயிர்களைப் பறித்தன. அவர்களில் பெரும்பாலோர் பினாங்கைச் சேர்ந்தவர்கள். அந்த நடுக்கம் நம் காலடி நிலத்தையே நகர்த்தியது என்பது பலருக்குத் தெரியாது. லங்காவி ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் இடம் பெயர்ந்ததைச் செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டின. மூன்றாண்டுகளுக்குள், 2007 நவம்பர் 30ஆம் தேதி, பகாங் மாநிலத்தின் புக்கிட் திங்கியில் நிலம் நடுங்கத் தொடங்கியது. 2009 வரை அங்கே சிறு நடுக்கங்கள் பல பதிவாயின. ஆச்சே நடுக்கத்துக்குப் பிறகு பூமிக்குள் மாறிய அழுத்தம், உறங்கிக் கிடந்த பழைய நிலப்பிளவுகளை அசைத்திருக்கலாம் என்பது நிலவியலாளர்கள் கூறும் விளக்கம்.

பெந்தோங், ரவுப் வழியாக வடக்கே கிளந்தான் நோக்கிச் செல்லும் பழங்காலத் தையல்கோடு ஒன்று கேமரன் மலைக்குக் கிழக்கே ஓடுகிறது. இரண்டு நிலத்துண்டுகள் இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் ஒட்டிக்கொண்ட இடம் அது. இன்றைக்கு அது சீறப்போகிறது என்று யாரும் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் அப்படி வந்தால் நம்ப வேண்டாம். நிலநடுக்கத்தை நாள் குறித்துச் சொல்லும் வித்தை உலகில் எவரிடமும் இல்லை.

அளவு 4.1 என்பது எவ்வளவு பெரிது? 2015 ஜூன் 5ஆம் தேதி சபா, ரானாவை உலுக்கிய நடுக்கம் 6.0. எண்களில் வித்தியாசம் இரண்டுக்கும் குறைவு. வெளியான ஆற்றலிலோ அது சிகாமட்டைப் போல் ஏறத்தாழ 700 மடங்கு. கினாபாலு மலையில் 18 பேர் மாண்டனர். சிங்கப்பூரிலிருந்து மலையேற வந்த பள்ளி மாணவர்களும் அவர்களில் அடங்குவர். அவர்கள் மீது எந்தக் கட்டடமும் இடியவில்லை. மேலிருந்து உருண்டு வந்த பாறைகள்தான் உயிரைக் குடித்தன. பிறகு பெய்த மழையில் தளர்ந்த மண் சேறாக ஆறுகளில் இறங்கி, ரானாவ் வட்டாரத்தின் குடிநீரையும் கெடுத்தது. மலைநாட்டில் நிலநடுக்கம் இப்படித்தான் வேலை செய்கிறது. வீட்டுக்கு மேலே நிற்கும் சரிவை அது முதலில் அசைக்கிறது.

தோட்டத்தை விட்டுப் பட்டணம் போனவர்களின் கதை வேறு. சுமத்ராவில் பெரிய நடுக்கம் வரும்போது கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பதினைந்தாம் மாடியில் இருப்பவருக்குத் தலை சுற்றும், விளக்கு ஆடும். தூரத்திலிருந்து வரும் அலை மெதுவானது. அது உயரமான கட்டடத்தைத்தான் ஆட்டும். தோட்டத்துத் தாழ்ந்த வீட்டில் இருக்கும் அண்ணனுக்கு அது தெரியவே தெரியாது. அவருக்கு ஆபத்து வந்தால், அது வீட்டின் பின்புறத்திலிருந்து வரும்.

தமிழில் "சரிவு" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மலையின் சாய்ந்த பக்கமும் சரிவுதான், அது இடிந்து விழுவதும் சரிவுதான். கேமரன் மலையில் இந்த இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அடியில் கருங்கல் பாறை, மேலே அது மக்கிப் பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்த மண். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தேயிலைச் செடி ஓரளவுக்கு மண்ணைப் பிடித்து வைக்கும். சாலைக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் விடுதிக்கும் என்று மலையைச் செங்குத்தாக வெட்டும்போது அந்தப் பிடி போய்விடுகிறது. 1961 மே மாதம் ரிங்லெட்டில் ஏற்பட்ட நிலச்சரிவு 16 உயிர்களைக் கொண்டுபோனது. 2024 ஜனவரி 26ஆம் தேதி அதிகாலை கம்போங் ராஜா, புளூ வேலியில் மண் இறங்கியதில் மியன்மார் தொழிலாளர்கள் ஐவர் புதைந்து இறந்தனர். இரண்டுக்கும் நிலநடுக்கம் தேவைப்படவில்லை.

அளவு 4.0க்குக் கீழான நடுக்கங்கள் பொதுவாக நிலச்சரிவைத் தூண்டுவதில்லை என்று உலகளாவிய பதிவுகளை ஆராய்ந்தவர்கள் கூறுகின்றனர். சிகாமட் நடுக்கம் அந்த எல்லைக்கோட்டைத் தொட்டு நிற்கிறது. காய்ந்த நிலத்தில் அது ஒரு குலுக்கலோடு போய்விடும். அக்டோபர், நவம்பர் அடைமழையில் ஊறிப்போன, ஏற்கெனவே வெட்டப்பட்ட சரிவின் கீழ் அதே குலுக்கல் வந்தால் கணக்கு மாறும். மலையில் நிலநடுக்கம் பற்றிய பேச்சு மழையையும் மண்வெட்டியையும் விட்டுவிட்டு நடக்க முடியாது.

மலைத் தேயிலையோடு வாழும் தமிழர்களுக்கு இது புதிய துயரமும் அல்ல. இலங்கை, பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் தேதி லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். போவதற்கு வேறு வீடு இல்லாத சனங்கள் அங்கேயே இருந்தனர். மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு 70 பேர் மாண்டனர். பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்து தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள். 2024 ஜூலை 30ஆம் தேதி வயநாட்டின் முண்டக்கையில் இருநூறுக்கும் மேற்பட்டோர். மூன்றுமே மழையால் வந்தவை, மூன்றுமே வீட்டில் இருந்தவர்களைக் கொன்றவை. தோட்டங்களைத் திறந்த காலத்தில் துரை பங்களா மேட்டில் எழும்பியது. தொழிலாளர் வீடுகள் ஓடைப் பக்கமும் பள்ளத்திலும் வந்தன. தண்ணீருக்குச் சௌகரியம், நிலமும் வீணாகாது. அந்தச் சிக்கனத்துக்கான விலை நூறாண்டு கழித்து வசூலாகிறது.

கேமரன் மலையில் போ தோட்டம் 1929இல் தொடங்கியது. இன்று தேயிலைக் காட்டில் கூடை சுமப்பவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம். என்றாலும் தோட்ட வீடு என்பது முதலாளியின் சொத்து, வேலை இருக்கும்வரைதான் கூரை என்ற நிலை பழைய தொழிலாளிக்கும் புதியவருக்கும் பொது. பின்னால் உள்ள சரிவில் வெடிப்பு தெரிந்தால் வேறு இடம் பார்த்துப் போகும் உரிமை இவருக்கு நடைமுறையில் எவ்வளவு இருக்கிறது? ஓய்வு பெற்ற தாத்தா, பாட்டிக்கு? 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரச் சட்டம், சட்டம் 446, 2019இல் திருத்தப்பட்டது. தொழிலாளரைத் தங்க வைக்கும் இடத்துக்கு முதலாளி தங்குமிடச் சான்றிதழ் பெற வேண்டும். அறை அளவையும் தண்ணீரையும் சோதிக்கும் அதே நாளில், பின்புறச் சரிவை யார் பார்த்தார்கள் என்று தொழிற்சங்கமும் குடியிருப்போரும் கேட்பதில் தவறில்லை.

அணையையும் மறக்க முடியாது. ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை 1963 முதல் நிற்கிறது. மேலே வெட்டப்படும் மண்ணெல்லாம் அந்த ஏரியில்தான் போய்ச் சேர்கிறது. 2013 அக்டோபரில், கனமழைக்கிடையே நள்ளிரவில் அணை நீர் திறக்கப்பட்டபோது பெர்த்தாம் வேலியில் உயிர்கள் பறிபோயின. மறு ஆண்டு நவம்பரில் மீண்டும் சேற்று வெள்ளம், மீண்டும் மரணம். நடுச்சாமத்தில் வரும் எச்சரிக்கை எந்த மொழியில், எப்படி, எத்தனை நிமிடம் முன்னால் வருகிறது என்பது அங்கே வெறும் நிர்வாக விவரமாக இருக்கவில்லை.

நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கு மலேசியாவுக்கென்று தேசிய இணைப்பு 2017இல் வெளிவந்தது. புதிதாகக் கட்டப்படும் அடுக்குமாடிகளுக்கு அது உதவும். அறுபது வருடத் தோட்ட வீட்டுக்கும் அதன் பின்னால் வெட்டி விட்ட மண் சுவருக்கும் அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அங்கே குடியிருப்பவர் தாமே பார்க்கக்கூடிய அறிகுறிகள் சில உண்டு. சரிவின் மேல் புதிய வெடிப்பு, நேராக நின்ற மரம் சாய்வது, திறந்து மூடிய கதவு திடீரென இறுகுவது, தெளிவாக ஓடிய ஊற்று கலங்குவது அல்லது நின்றுபோவது. மழை விட்டுவிட்டது என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. 2022 டிசம்பர் 16ஆம் தேதி பத்தாங் காலி முகாமில் 31 பேர் இறந்த சரிவு, முந்தைய நாள்களில் மண் குடித்த நீரால் வந்தது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் குடும்பத்தோடு வெளியேறி, தோட்ட அலுவலகத்துக்கும் 999க்கும் சொல்ல வேண்டும். அந்த இரவு எங்கே போய்ப் படுப்பது என்பதை, பள்ளியா, கோயில் மண்டபமா என்று, மழைக்கு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.