பேஸ் கிடாருக்கு எதற்குப் பெடல்?

என் பேரன் ஒரு குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறான். சேர்த்து வைத்த பணத்தில் ஒரு பெடல் வாங்கினான். குழுவின் தலைவர் அதைப் பார்த்துவிட்டு, "பேஸுக்கு எதற்கு இதெல்லாம்? அடியில் தும் தும் என்று போட்டுக்கொண்டிரு, போதும்" என்றாராம். பெடலோடு வந்தால் மேடை கிடையாதாம். அவர் என்னைவிட நாற்பது வயது சிறியவர். பேச்சு மட்டும் எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு பேச்சு. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு சங்கீதம் வாசிக்கத் தெரியாது. கேட்கத் தெரியும். பையன் மாடியில் பழகும்போது கீழே உட்கார்ந்து தினமும் கேட்கிறேன். கேட்காமல் இருக்கவும் வழியில்லை.

அந்தப் பெடல் காலால் மிதிக்கும் ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் மூன்று சமாசாரங்கள். முதலாவது வா-வா: பலகையை முன்னும் பின்னும் சாய்த்தால் கிடார் குழந்தை மாதிரி 'வா... வா...' என்று வாய் திறக்கும். இரண்டாவது ஃபில்டர். வா-வாவும் ஒரு ஃபில்டர்தான், ஆனால் அதைத் திறப்பது கால். இதைத் திறப்பது விரல். தந்தியை ஓங்கி மீட்டினால் அகலத் திறக்கும், மெல்லத் தொட்டால் கொஞ்சமாக. மூன்றாவது ஃபஸ்: ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது.

தலைவருக்கு முதலில் சொல்ல வேண்டியது, ஃபஸ் பிறந்ததே பேஸில்தான் என்பது. அமெரிக்காவில் நாஷ்வில் நகரம். மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961இல் வெளியான 'டோன்ட் வொரி' பாட்டுக்கு கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ் வாசித்தார். ஒலிப்பதிவு மேசையில் ஒரு சானல் பழுது. பேஸ் குளவி மாதிரி உறுமியது. அழிக்காமல் அப்படியே வெளியிட்டார்கள், பாட்டு ஓகோவென்று ஓடியது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தக் கோளாறையே உண்டாக்கும் மின்சுற்று ஒன்றை இன்னொருவரோடு சேர்ந்து செய்து கிப்சன் கம்பெனிக்குக் கொடுக்க, 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் கடைக்கு வந்தது. பேஸ் கிடாருக்கு உள்ளேயே ஃபஸ் வைத்தும் அதே கிப்சன் விற்றது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' வந்த பிறகு ஃபஸ் என்றால் கிடார் என்று ஆகிவிட்டது. அதே வருடம் பீட்டில்ஸின் 'திங்க் ஃபார் யுவர்செல்ஃப்' பாட்டில் பால் மெக்கார்ட்னி பேஸில் ஃபஸ் போட்டதை யாரும் நினைப்பதில்லை.

வா-வா கதையும் சுவாரசியம்தான். 1966இல் கலிபோர்னியாவில் தாமஸ் ஆர்கன் கம்பெனி. விலை கூடிய ஒரு சுவிட்சை எடுத்துவிட்டு மலிவான திருகு வைத்துப் பார்த்தபோது பிராட் பிளங்கெட் என்ற பொறியாளருக்குக் கிடைத்தது. ஆர்கனின் கால் பெடலுக்குள் அதை வைத்துவிட்டார்கள். சிக்கனம் பார்த்ததில் விளைந்தது.

சரி, மூன்றையும் ஒரே பெட்டியில் ஏன் வைக்க வேண்டும்? இதுதான் விஷயம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் கணக்கு வாத்தியார் (மெசியே என்றுதான் கூப்பிடுவோம்) ஜோசஃப் ஃபூரியே பெயரைச் சொல்லும்போதே எழுந்து நிற்பார். 1822இல் வெப்பத்தைப் பற்றி ஃபூரியே எழுதிய புத்தகத்தில் இருக்கிறது, எந்த அலையையும் எளிய அலைகளின் கூட்டலாகப் பிரித்துவிடலாம் என்பது. பேஸின் தடித்த தந்தி நொடிக்கு ஏறக்குறைய 41 தடவை அதிர்கிறது. அதற்கு மேல்சுரங்களும் உண்டு. ஆனால் அவை சீக்கிரம் அடங்கி, அடிநாதம் மட்டும் மிஞ்சும். வா-வாவோ ஏறக்குறைய 400க்கும் 2000க்கும் நடுவில் உலாவுகிற சாதனம். அங்கே ஒன்றும் இல்லாதபோது அது எதை மென்று 'வா' என்று சொல்லும்? ஃபஸ் அலையின் தலையை மொட்டை அடிக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக மொட்டை அடித்த அலையில் 41ஓடு 123, 206 என்று ஒற்றைப்படை மடங்குகள் மேலே மேலே அடுக்கிக்கொண்டு போகும். இப்போது வா-வாவுக்குச் சாப்பாடு கிடைத்துவிட்டது. கிடாருக்கு இந்த இரண்டும் சேருவது ஆடம்பரமாக இருக்கலாம். பேஸுக்கு அது தேவை.

தலைவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கிடாருக்கான வா-வாவை பேஸில் போட்டால் அடிநாதம் காணாமல் போகும், குழு முழுக்கக் காலி டப்பா மாதிரி ஒலிக்கும். அதனால்தான் பேஸுக்கென்று நன்றாகச் செய்த பெடலில், தந்தியிலிருந்து வரும் ஒலியில் ஒரு பங்கை எதுவும் செய்யாமல் நேராக வெளியே விடுகிறார்கள். எவ்வளவு சுத்தம், எவ்வளவு கரகரப்பு என்று கலக்க ஒரு திருகு. பையனுடைய பெடலில் அந்தத் திருகு இருக்கிறது. தலைவர் அதைத் திருகிப் பார்க்கவே இல்லை. கோப்பைத் திறக்காமல் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதுவது இதுதான்.

மெட்டாலிகாவின் கிளிஃப் பர்ட்டனைக் கேளுங்கள். 1983இல் வந்த முதல் தட்டில் 'அனஸ்தீசியா' என்று ஒரு பேஸ் தனி ஆவர்த்தனம். வா-வாவும் கரகரப்பும் கலந்து அடித்திருக்கிறார். அடுத்த வருடத்து 'ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்' பாட்டின் தொடக்கத்தை இன்றும் பலர் கிடார் என்றே நினைக்கிறார்கள். 1986இல் சுவீடனில் பஸ் விபத்தில் போய்விட்டார், வயது 24. வாவும் ஃபஸ்ஸும் சேர்ந்த பெடல் ஒன்றை மோர்லி கம்பெனி அவர் பெயரிலேயே செய்திருக்கிறது. உறுமல் பிடிக்காதவர்கள் பூட்ஸி காலின்ஸைக் கேட்கலாம். அவர் பேஸ் மியூ-ட்ரான் ஃபில்டர் வழியாகத் தண்ணீருக்குள்ளிருந்து சிரிப்பது மாதிரி இருக்கும்.

நான் முப்பத்து மூன்று வருடம் குறிப்பு எழுதியவன். எழுதியது நான், கையெழுத்து வேறொருவர். அதில் எனக்கு வருத்தமில்லை, யாராவது அடியில் இருந்துதான் ஆக வேண்டும். ஆனால் அடியில் இருப்பவன் வாயே திறக்கக் கூடாது என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு பாட்டில் எட்டு அளவு, பதினாறு அளவு பேஸ் பேசிவிட்டுத் திரும்ப அடிக்குப் போனால் கூரை இடிந்துவிடாது.

பேரனோடு எனக்கு ஒரு தகராறு பாக்கி இருக்கிறது. வா முன்னால் வந்து ஃபஸ் பின்னால் வந்தால் அசைவு பூசி மெழுகினது போல் மழுங்குகிறது. ஃபஸ் முதலில், வா பிறகு என்றால் வாய் முழுசாகத் திறக்கிறது. என் காது இரண்டாவதைத்தான் கேட்கிறது. அவன், "தாத்தா, முதலாவதுதான் மனுஷக் குரல் மாதிரி இருக்கு" என்கிறான். நேற்று ராத்திரி சாப்பாடு ஆறும் வரை இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினான். நான் இறங்கி வரவில்லை.