கீரிப்பாறையில் குடிமகன், பழவிளையில் அகதி: ஒரே கடலைக் கடந்தவர்களுக்கு ஏன் இரண்டு விதி?

வடசேரி பேருந்து நிலையத்தில் நின்று, "சிலோன்காரங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் கீரிப்பாறைப் பேருந்தைக் கை காட்டுவார். இன்னொருவர் பழவிளை முகாமுக்கு வழி சொல்வார். ஊர்வாயில் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பெயர்தான். சட்டத்தில் மட்டும் இரண்டும் வேறு வேறு.

கீரிப்பாறைப் பக்கம் அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் குடும்பம் இந்தியக் குடிமக்கள். ஓட்டு உண்டு, பாஸ்போர்ட் வாங்கலாம். பழவிளையில் பிறந்து, இங்குள்ள பள்ளியில் படித்து, நாஞ்சில் நாட்டுத் தமிழே பேசும் இளைஞருக்கு இரண்டும் கிடையாது. ஏட்டில் அவர் வெளிநாட்டவர். குமரி மாவட்டத்தில் பழவிளை, பெருமாள்புரம், கோழிவிளை, ஞாறான்விளை ஆகிய நான்கு முகாம்களிலும் இதுதான் நிலை.

போர் மக்களைத் துரத்துகிறது. அது எல்லோருக்கும் தெரியும். துரத்தப்பட்டவர் போய்ச் சேரும் இடத்தில் யாராக இருப்பார் என்பதை முடிவு செய்வது அரசுகளின் வெளியுறவுக் கணக்கு. இதைப் புரிந்துகொள்ள சிரியாவுக்கோ சூடானுக்கோ போக வேண்டியதில்லை. வடசேரியிலிருந்து இரண்டு பேருந்து ஏறினால் போதும்.

ஒப்பந்தத்தில் வந்தவர்கள்

பிரிட்டிஷ்காரர்கள் தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துச் சென்ற தமிழர்களின் வாரிசுகளை, சுதந்திரம் பெற்ற இலங்கை 1948-ல் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அப்போது நாடற்றவர்களாக இருந்தவர்கள் சுமார் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சீனப் போர் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம். டெல்லிக்கு அண்டை நாட்டின் நட்பு தேவைப்பட்டது. யாருடைய தலைகள் எண்ணப்பட்டனவோ அந்தத் தோட்டத் தொழிலாளர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் நியாயமானது என்று இங்கே வாதிடவில்லை.

ஆனாலும், அப்படி வந்தவர்கள் கையில் இந்தியக் குடியுரிமையோடு ராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கினார்கள். அரசு அவர்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் வைத்தது. நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களிலும், குமரியில் ரப்பர் தோட்டங்களிலும் வேலை கொடுத்தது. அந்த ரப்பர் தோட்டங்களை 1984 முதல் நடத்திவரும் அரசு ரப்பர் கழகத்தின் தலைமை அலுவலகம் இதே வடசேரியில்தான் இருக்கிறது. தோட்ட வாழ்க்கை ஒன்றும் சொகுசு இல்லை. கூலிக்கும் வீட்டுக்கும் இன்றும் போராட்டம்தான். ஆனால், குடிமகன் என்பதால் போராடவாவது முடிகிறது.

போரில் வந்தவர்கள்

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகில் வந்தவர்களுக்கு எந்த ஒப்பந்தமும் இல்லை. 1987-க்குள் சுமார் 1,34,000 பேர் வந்து சேர்ந்தார்கள். அந்த ஆண்டுகளில் இந்தியா ஒருபக்கம் போராளிக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்தது, மறுபக்கம் கொழும்போடு பேச்சு நடத்தியது. 1987 ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்தின் மேல் விமானத்திலிருந்து உணவுப் பொட்டலங்கள் போடப்பட்டன. ஜூலை 29 அன்று ராஜீவ் - ஜெயவர்த்தனே ஒப்பந்தம் கையெழுத்தானது.

அந்த ஒப்பந்தத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு உண்டு. இலங்கையில் இருக்கும் இந்தியக் குடிமக்களை இந்தியா விரைவாகத் திரும்ப அழைத்துக்கொள்ளும். அதே சமயத்தில் தமிழ்நாட்டில் இருக்கும் இலங்கை அகதிகள் திருப்பி அனுப்பப்படுவார்கள். கீரிப்பாறைக்காரரின் உறவுகளும் பழவிளைக்காரரும் ஒரே வாக்கியத்தில், எதிரெதிர்த் திசையில். கடையில் சில்லறை மாற்றுவது போலத்தான் இருந்தது.

அதன்பின் 25,000 பேர்போல திரும்பிப் போனார்கள். ஆனால், அமைதிப் படை விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. 1990 மார்ச்சில் வெளியேறியது. ஜூனில் மறுபடி போர் வெடிக்க, சுமார் 1,22,000 பேர் வந்தார்கள். திரும்பிப் போனவர்களில் பலர் அதே கரையில் இரண்டாம் முறை இறங்கினார்கள். 1991 மே 21-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். தமிழ்நாட்டின் மனநிலை ஒரே இரவில் மாறியது. முகாம்களுக்குள் தொண்டு நிறுவனங்கள் நுழையத் தடை வந்தது. 1992 முதல் 1995 வரை சுமார் 54,000 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அங்கே போர் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. இங்கே அரசியல் மாறிவிட்டது, அவ்வளவுதான். 1983 முதல் இந்தியாவுக்கு வந்தவர்கள் மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேல்.

ஒரு தேதி செய்த வேலை

1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் யாராக இருந்தாலும் குடிமகன். அன்று முதல், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். இந்தத் திருத்தத்துக்கு அன்றைய அரசு சொன்ன காரணங்களில் இலங்கையிலிருந்து வருவோரின் பெயரும் இருந்தது. 2003-ல் வந்த திருத்தம் வழியை இன்னும் குறுக்கியது: பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி என்றால் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை.

1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் 2022-ல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். அதே முகாமில் 1988-ல் பிறந்த ஒருவர் அப்படிக் கேட்க முடியாது. ஊரும் ஒன்று, முகாமும் ஒன்று. பிறந்த தேதிதான் வேறு.

இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. முகாம்களில் இருப்பவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள். 1977 கலவரத்தில் தோட்டங்களை விட்டு வன்னிக்கு ஓடி, போர் வந்ததும் அங்கிருந்து படகேறியவர்கள். போரால் தலைமன்னார் கப்பல் நிற்காமல் இருந்திருந்தால், இவர்களில் பலர் 1964 ஒப்பந்தப்படியே குடிமக்களாக வந்திருப்பார்கள். கீரிப்பாறையில் இருப்பவரின் சித்தப்பா மகன் பழவிளையில் இருக்கலாம். இவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கும்படி 2019 ஜூனில் மதுரைக் கிளை மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

யாருக்கு மனசு இளகுகிறது?

அகதிகளுக்கான 1951 சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. தனி அகதிச் சட்டமும் இல்லை. ஆகவே, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு ஆணை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. இது நம் நாட்டு நோய் மட்டும் அல்ல. திடீரெனத் திரளும் அகதிகளுக்கு உடனடிப் பாதுகாப்பு தரும் விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2001-லேயே எழுதிவைத்தது. 2015-ல் சிரியாக்காரர்கள் வந்தபோது அது அலமாரியிலேயே கிடந்தது. 2022-ல் உக்ரைன்காரர்களுக்காக ஒரே வாரத்தில் வெளியே வந்தது.

2021-ல் தமிழ்நாடு அரசு ரூ.317 கோடியில் திட்டம் அறிவித்து, 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. புது வீடுகள் வந்தன, உதவித்தொகை கூடியது. நல்ல காரியம். ஆனால், பொறியியல் படித்துவிட்டு, "இனி பெயிண்ட் அடிக்கப் போக வேண்டியதுதான்" என்று சொல்லும் பையனுக்குத் தேவையானதைத் தருவது டெல்லியின் கையில். இங்குள்ள கட்சிகள் 'இரட்டைக் குடியுரிமை' என்று மேடையில் முழங்குவதும் வீண் வேலை. அரசியல் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று அவர்களுக்கே தெரியும்.

2025 செப்டம்பரில் மத்திய உள்துறை ஒரு படி இறங்கி வந்திருக்கிறது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள்மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்ற காரணத்துக்காகத் தண்டனை நடவடிக்கை வராது. தண்டனை இல்லை என்பது சரி. குடியுரிமை பற்றி அந்த ஆணை வாய் திறக்கவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் பட்டினியால் வந்தவர்களுக்கோ அதுவும் கிடையாது.

மலையக வம்சாவளியினரிலிருந்து தொடங்கலாம். அவர்களுக்குப் புதிய சட்டம் வேண்டாம்; 1964-ல் இந்தியா போட்ட கையெழுத்தே போதும். அடுத்து, இங்கேயே பிறந்த பிள்ளைகள். இலங்கைக்குத் திரும்ப விரும்பும் முதியவர்களுக்கு, அங்கே அவர்களுடைய காணி மீளக் கிடைக்கும் என்ற உறுதியைக் கொழும்பிடம் டெல்லி கேட்டு வாங்க வேண்டும். மீனவர் பிரச்சினைக்கும் துறைமுகத்துக்கும் நடக்கும் பேச்சுவார்த்தை மேசையில் இதற்கும் ஒரு தாள் வைக்கலாம்.