சோத்துக்குப் பதில் சப்பாத்தி சாப்பிட்டா சுகர் குறையுமா? ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்வது என்ன?

"சோத்தை விட்டாச்சு, நைட்டு வெறும் நாலு சப்பாத்திதான். ஆனாலும் சுகர் இறங்க மாட்டேங்குது!" நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து தொடங்கி தமிழ்நாடு முழுக்க வீட்டுக்கு வீடு கேட்கும் புலம்பல் இது. தப்பு எங்கே நடக்குது?

ஆய்வு என்ன சொல்கிறது?

ஐசிஎம்ஆர், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையுடன் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய். தேசிய அளவு 11.4 சதவீதம் என்றால், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம்.

இதே ஆய்வின் உணவு பற்றிய பகுதி 2025-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறதாம். வெள்ளை அரிசியை கோதுமை, சிறுதானிய மாவுக்கு மாற்றினால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் கொஞ்சத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் புரதம் வந்தால் அபாயம் குறைவாக இருந்தது.

கணக்கு போட்டுப் பாருங்க

ஏற்கெனவே சுகர் இருப்பவர்களும் கவனிக்க வேண்டியது மாவுச்சத்தின் மொத்த அளவைத்தான். ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து. ஒரு சப்பாத்தியில் 15 முதல் 20 கிராம். நாலு சாப்பிட்டா 60-ஐத் தாண்டும். அதாவது ஒரு கப் சோத்தைவிட அதிகம்! கேழ்வரகுக் களி, கம்பங்கூழுக்கும் இதே கணக்குதான்.

பக்கத்து பண்ருட்டி பலாவும் விதிவிலக்கு இல்லை. 100 கிராம் சுளையில் சுமார் 23 கிராம் மாவுச்சத்து. வயிறு நிறைய சாப்பிட்ட கையோடு சுளையும் சாப்பிட்டா, ரெண்டும் சேர்ந்துதான் ரத்தத்தில் ஏறும்.

நைட் ஷிஃப்ட் போறவங்க?

சுரங்கம், அனல்மின் நிலையம் என ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள் அதிகம் உள்ள ஏரியா இது. இரவில் சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் உடலுக்குக் குறைவு. அதனால் நடுராத்திரியில் பரோட்டா, சர்க்கரை போட்ட டீயைத் தவிர்த்து சுண்டல், அவித்த முட்டை, மோர் எடுத்துக்கலாம்.

தட்டில் என்ன மாற்றலாம்?

பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு பருப்பு, முட்டை அல்லது மீன். மீதிக் கால் தட்டுதான் சோறோ சப்பாத்தியோ. சோறு பிடிக்கும்னா சோறே சாப்பிடலாம், அளவுதான் முக்கியம்.

ஒரு எச்சரிக்கை

மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் சாப்பாட்டை திடீர்னு குறைத்தால் லோ சுகர் ஆகி மயக்கம் வரலாம். கிட்னி பிரச்னை இருந்தால் புரதத்துக்கும் அளவு உண்டு. டாக்டரிடம் கேட்ட பிறகே மாற்றுங்க.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் தட்டில் என்ன, எவ்வளவு என்பதை நாமதான் பார்த்துக்கணும்.