உம்மம்மாவின் பாட்டை யார் எழுதி வைப்பது?

கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாக வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.

தமிழ்மொழித் தினப் போட்டி வந்துவிட்டால் ஆசிரியர்கள் நாங்கள் நாட்டார் பாடல் தேடி ஓடித் திரிகிறோம். கடைசியில் யூடியூபைத் திறந்து, தமிழ்நாட்டு மேடையொன்றில் பாடிய பாட்டை எடுத்துப் பிள்ளைக்குப் பழக்குகிறோம். அந்தப் பிள்ளையின் அம்மாயி இங்கே பக்கத்து இறப்பர் தோட்டத்து லயத்தில்தான் இருக்கிறார். அவருக்குப் பாட்டுத் தெரியுமா என்று ஒரு நாளும் நாங்கள் கேட்டதில்லை.

தோட்டத்துப் பாட்டுகளில் எங்களுக்குப் பிடித்தது அவற்றுக்குள் இருக்கும் கதை. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி மாத்தளைக்கு நடந்து வந்தது, பெரட்டுக்குப் பிந்திப் போய் ஏச்சு வாங்கியது, கங்காணியின் கணக்கு, வழியில் விட்டுவந்த உறவு. நாலே வரியில் ஒரு ஆளின் வாழ்க்கை வந்துவிடும். பாடியவர் பெயர் மட்டும் இருக்காது.

இவற்றைத் தேடிச் சேர்த்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். அடுத்த வருடமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவர்களாக்கியது. உரிமை போனவர்களின் குரலாவது எழுத்தில் இருக்கட்டும் என்பதுபோல் அவர் சேர்த்து வைத்ததுதான் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’.

அவருக்கு முன்பே மீனாட்சி அம்மாள் இருந்தார், கோ. நடேசய்யரின் துணைவியார். 1931இல் ‘இந்தியத் தொழிலாளர் துயரச் சிந்து’ என்று பாட்டுப் புத்தகம் போட்டார். தொழிலாளர் கூட்டங்களில் தானே பாடினார். வாசிக்கத் தெரியாதவருக்கும் பாட்டு விளங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இது எங்கள் மலைக்கு மட்டும் உரிய விஷயமும் இல்லை. அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்த மெர்ல் ட்ராவிஸ், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி கம்பனிக் கடையில் படும் கடனைப் பற்றி 1946இல் ‘சிக்ஸ்டீன் டன்ஸ்’ என்று பாடினார். எங்கள் தோட்டங்களிலும் ‘துண்டு’ முறை இருந்தது. ஆளின் கடனைத் துண்டில் எழுதி, கடனோடு சேர்த்து ஆளையும் அடுத்த தோட்டத்துக்குக் கைமாற்றுவார்கள். 1921இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. கேட்கும் நாடு வேறு, கடன் ஒன்றுதான்.

இங்கே நாங்கள் மனம் திறந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊவாவின் டவுன்களில் கடை வைத்திருந்தவர்களில் எங்கள் வாப்பாமாரும் அப்பாமாரும் உண்டு. தோட்டத்துச் சனத்தின் கடன் எழுதிய கொப்பி சில வேளை எங்கள் மேசை லாச்சியிலும் இருந்தது. பஞ்சத்தில் அரிசி கொடுத்துக் காத்த கடையும் இருந்தது, கணக்கில் ஏமாற்றிய கடையும் இருந்திருக்கும். அந்தப் பாட்டுகளைக் கேட்டால் எங்களைப் பற்றியும் ஏதாவது வரலாம். வந்தால் வரட்டும். கேட்பதுதான் நியாயம்.

“பாட்டெல்லாம் மார்க்கத்துக்கு ஆகுமா சேர்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இசைக்கருவி பற்றிய சட்டத்தை உலமாக்கள் சொல்லட்டும், அதில் நாங்கள் தலையிடவில்லை. ஆனால் தமிழில் கேள்வி பதிலாக மார்க்கம் சொன்ன ‘ஆயிர மசலா’ 1572இலேயே அரங்கேறியது. கிஸ்ஸாவும் முனாஜாத்தும் எங்கள் வீடுகளில் ராகத்தோடு ஓதப்பட்டவை. நபிமார் கதையை அப்படிக் கேட்டு வளர்ந்த உம்மம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். பொத்துவில், அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களிடம் வயற்கவிகள் இருக்கின்றன. சேனைப் பரணில் இரவு முழுக்க யானைக்குக் காவலிருந்த சிங்கள அயலவர்களுக்குப் ‘பெல் கவி’ இருக்கிறது. ஒரே மாவட்டத்தில் மூன்று சனத்தின் கதைகள், மூன்றும் மறைந்துகொண்டிருக்கின்றன.

ஆகவே ஒரு யோசனை. இந்த விடுமுறையில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலுள்ள மூத்தவரிடம் ஒரு பாட்டுக் கேட்கட்டும். போனில் பதிவுசெய்யட்டும், விருப்பமில்லை என்றால் கொப்பியில் எழுதட்டும். பாடியவர் பெயர், தோட்டம் அல்லது ஊர், யாரிடம் கற்றார், எந்த வேலையின்போது பாடினார் என்ற நாலையும் சேர்த்து எழுதினால் போதும். சொல்லைத் திருத்த வேண்டாம், ‘பிழைத் தமிழ்’ என்று சிவப்புப் பேனை பிடிக்க வேண்டாம். அனுமதி இல்லாமல் முகநூலில் போடவும் வேண்டாம். சேர்ந்ததைப் பாடசாலை நூலகத்தில் ஒரு கோவையாக வைப்போம். தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை, சிங்களப் பாடசாலை மூன்றும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

ஜனாஸா வீட்டில் உட்கார்ந்து, “மௌத்தான மனிசிக்கு எவ்வளவு கதை தெரியும்” என்று கவலைப்படுகிறோம். அவர் ஹயாத்தோடு இருக்கும்போதே போய்ப் பக்கத்தில் உட்காருவோமே. யார் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று கீழே எழுதுங்கள். நாங்கள் வருகிறோம்.