80 நிமிடக் கணக்கு

2027 சீ விளையாட்டுப் போட்டி நம் நாட்டில். அதற்குள் கிள்ளான் வட்டாரக் கூடைப்பந்து ரசிகர்கள் ஒரே பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள்: ஏழடி அமெரிக்கர் ஒருவருக்குக் குடியுரிமை கொடு, சென்டரில் நிறுத்து, தங்கம் தானாக வரும். நம் காற்பந்து அணியில் ஏழு ‘வம்சாவளி’ ஆட்டக்காரர்களின் ஆவணங்கள் போலியானவை என்று 2025 செப்டம்பரில் ஃபிஃபா தண்டித்தது. மானம் கப்பலேறிய பிறகும் இந்த மோகம் தீரவில்லை. அது மோசடி, இது சட்டப்படி என்பார்கள். சட்டப்படியான சோம்பேறித்தனம் என்று வைத்துக்கொள்வோம்.

கணக்குக்கு வருவோம். அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் ஆட்டம் 40 நிமிடம். பவர் ஃபார்வர்ட், சென்டர் என்ற இரண்டு இடங்களுக்கும் சேர்த்து 80 நிமிடம். ஃபிபா விதிப்படி 16 வயதுக்குப் பிறகு குடியுரிமை பெற்றவர் அணிக்கு ஒருவர்தான். ஐந்து ஃபவுல் விழுந்தால் அவரும் வெளியே. அந்த நெட்டையர் 28 நிமிடம் தாக்குப்பிடித்தால் பெரிது. மீதி 52 நிமிடத்துக்கு யார்? இந்தக் கேள்வியை நான் கேட்காத மாமாக் கடை இல்லை. பதில் சொன்னவரும் இல்லை.

அவர் களத்தில் இருக்கும் 28 நிமிடமாவது நிம்மதியா என்றால், அதுவும் இல்லை. எதிரணி கார்ட் ஸ்கிரீனைச் சுற்றி வருகிறார். நம் நெட்டையர் வளையத்தைக் காக்க இரண்டடி பின்வாங்குகிறார். அந்த இரண்டடி போதும், மூன்று புள்ளி. அடுத்த முறை முன்னே வந்து மறிக்கிறார். ஸ்கிரீன் வைத்தவர் அவர் முதுகுக்குப் பின்னால் ஓடிப் பந்தை வாங்கி வளையத்தில் போடுகிறார். இரண்டையும் தடுக்க, கார்டையும் துரத்தி ஃபார்வர்டையும் முட்டி நிறுத்தக்கூடிய 195 சென்டிமீட்டர்க்காரர் வேண்டும். ஒருவர் அல்ல, மாறி மாறி இறக்க நால்வர்.

2015 என்பிஏ இறுதித் தொடரில் 2-1 என்று பின்தங்கிய கோல்டன் ஸ்டேட் என்ன செய்தது? ஏழடி பொகட்டை உட்காரவைத்து இகுடாலாவைத் தொடக்க ஐவரில் சேர்த்தது. 198 சென்டிமீட்டர் டிரேமண்ட் கிரீன் சென்டர் வேலையைப் பார்த்தார். அடுத்த மூன்று ஆட்டங்களும் அவர்களுக்கே. 2020-இல் ஹூஸ்டன் இதையே செய்து லேக்கர்ஸிடம் 4-1 என்று தோற்றதே என்று ஒருவர் வருவார். அந்த லேக்கர்ஸும் தன் கனத்த சென்டர்களை ஓரங்கட்டி, எங்கு நிறுத்தினாலும் ஆடும் ஆண்டனி டேவிஸை நம்பித்தான் வென்றது.

நம் கிள்ளான் துறைமுகத்துப் பெயரைச் சுமந்த அணிக்கு வருகிறேன். துறைமுகத் தொழிலதிபர் ஞானலிங்கம் வளர்த்த வெஸ்ட்போர்ட்ஸின் ஆதரவில் ஆடிய மலேசியா டிராகன்ஸ், 2016-இல் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸை 3-2 என்று வீழ்த்தி ஆசியான் லீக் கிண்ணத்தை வென்றது. கொண்டாடினோம். ஆனால் அந்த அணியில் வளையத்தடி வேலை யாருடையது? ரெஜி ஜான்சனும் கால்வின் காட்ஃப்ரேயும், இருவரும் அமெரிக்கர்கள். ஆளுக்கு 35 நிமிடம் என்று வையுங்கள். 80-இல் 70 போயிற்று. மலேசியப் பையன்கள் எல்லாருக்கும் சேர்த்து மிச்சம் 10 நிமிடம். கிண்ணம் அலமாரிக்குப் போனது, அமெரிக்கர்கள் அடுத்த ஒப்பந்தத்துக்குப் போனார்கள். பத்து நிமிடத்தில் எந்த ஃபார்வர்ட் வளர்வான்? தேசிய அணியின் முன்வரிசை இன்று மெலிந்து நிற்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்தோனேசியா 2022 சீ போட்டியில் குடியுரிமை பெற்ற அமெரிக்கர் மார்க்கஸ் பால்டனை வைத்துத் தங்கம் வென்றதே என்பதுதான் எதிர்த்தரப்பின் ஒரே துருப்புச்சீட்டு. கடைசி ஆட்டத்தில் பிலிப்பைன்ஸை 85-81 என்று வென்றார்கள், உண்மை. ஆனால் பால்டனைச் சுற்றி உள்நாட்டு லீக்கில் ஊறிய ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். வெறும் இறக்குமதியே போதுமென்றால் 2023-இல் கம்போடியா அல்லவா வென்றிருக்க வேண்டும்? சொந்த மண், ஒருவர்தான் என்ற வரம்பு இல்லாத போட்டி, அமெரிக்கர்கள் பலர். இறுதியில் பிலிப்பைன்ஸிடம் 80-69. பிலிப்பைன்ஸிடமும் குடியுரிமை பெற்ற பிரவுன்லீ இருந்தார் என்பீர்கள். அவர் சென்டரே அல்ல, எந்த இடத்திலும் ஆடுகிற ஃபார்வர்ட். என் கட்சிக்குத்தான் சாட்சி.

சீ போட்டியில் பிலிப்பைன்ஸ் ஆடவர் 1977-இல் ஆடத் தொடங்கியதிலிருந்து தங்கத்தை நழுவவிட்டது மூன்றே முறை. அதில் இரண்டு முறை, 1979-லும் 1989-லும், பறித்தது நாம். அன்று அவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களை அனுப்பவில்லை என்று இழுப்பவர்களை விட்டுவிடுங்கள். வந்தவர்களைத்தானே வெல்ல முடியும்? நம் பெண்கள் 2015-லும் 2017-லும் தங்கம் எடுத்தபோதும் யாரும் ஏழடி தேடவில்லை.

ஆள் இல்லை என்பது பொய். பண்டமாரான் புதுக்கிராமத்தில் பொழுது சாய்ந்தால் பந்து தட்டும் சத்தம் கேட்கும். சீனப்பள்ளிகளில் பல தலைமுறைகளாகத் திடல் உண்டு. மேருவிலும் காப்பாரிலும் பதினைந்து வயதிலேயே ஆறடியைத் தொடும் நம் பிள்ளைகளுக்கு என்ன உண்டு? நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். கபடி, காற்பந்து, ஓட்டம் எல்லாம் நடக்கிறது; வளையம் மாட்டிய பலகை எத்தனை பள்ளிகளில் என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். இத்தனைக்கும் குகனேஸ்வரன் பத்துமலை, சத்தியசீலன் குப்புசாமி என்று நம் பெயர்கள் டிராகன்ஸ் பட்டியல்களில் இருந்தவைதான். அவர்களுக்குப் பின் யார் என்று கேட்கும் இந்தியர் விளையாட்டுச் சங்கம் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. பொங்கல் விருந்துக்கு மட்டும் குறைவில்லை.

நெட்டையான பையனைக் கண்டதும் ‘நீ வளையத்தடியிலேயே நில்’ என்று நட்டுவிடும் பயிற்றுநர்களும் இதில் கூட்டாளிகள். பதினாறு வயதுவரை அவனும் பந்தைத் தட்டிக்கொண்டு வரட்டும், தூரத்திலிருந்து எறியட்டும், கார்டைத் துரத்தட்டும். நட்டுவைத்த பையன் இருபது வயதில் ஒரே வேலை தெரிந்தவனாக வருகிறான். அவனை நம்பி அணி கட்டுவது ஒற்றைத் தூணில் பந்தல் போடுவதுதான்.

மலேசியக் கூடைப்பந்துச் சங்கம் 2027-க்கான பன்னிருவரில் குடியுரிமை வாங்கிக் கொடுத்த ஒருவரைக்கூடச் சேர்க்கக் கூடாது. 190-க்கும் 198-க்கும் இடைப்பட்ட உள்ளூர்ப் பையன்கள் நால்வரை இன்றே பொறுக்கி, அந்த 80 நிமிடத்தை ஆளுக்கு 20 என்று பிரித்துக் கொடுத்து, இரண்டு இடங்களிலும் மாற்றி மாற்றி ஆடப் பழக்கினால், 1989-இல் கோலாலம்பூரில் நடந்தது மறுபடியும் இங்கேயே நடக்கும்.