'எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையே!' - மார்பகப் புற்றுநோய் யாருக்கு வரும்?

"எங்க குடும்பத்துல யாருக்கும் கேன்சர் இல்லீங்க, எனக்கு எப்படி வரும்?" உடுமலைப்பேட்டையில் பனியன் கம்பெனிக்குப் போகும் ஒரு வாசகியின் கேள்வி இது.

வரலாம் தோழி. மார்பகப் புற்றுநோய் வரும் பெண்களில் பெரும்பாலானோருக்குக் குடும்பத்தில் யாருக்கும் அது இருந்ததில்லை. வயது கூடக்கூட வாய்ப்பும் கூடும். தாய்ப்பால் கொடுத்திருந்தால் ஆபத்து குறையும். வரவே வராது என்றில்லை. இறுக்கமான உள்ளாடையால் வரும் என்பதற்கு ஆதாரமில்லை. வீட்டு ஆண்களும் கவனியுங்கள்: பாதிக்கப்படுவோரில் 100-க்கு ஒருவர் வரை ஆண்கள்.

கட்டி வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனை இலவசம். சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம். ஒருநாள் சம்பளம் போகுமே என்று தள்ளிப்போடாதீர்கள்.